படகு விட்டால் குளத்து மீன் சாகுமா?

அன்னூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் வறண்டு, சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த அந்த ஊர்க்குளத்துக்கு அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் குழாய் வழியாகத் தண்ணீர் வரத் தொடங்கியிருக்கிறது. குளத்தின் பரப்பு ஏறக்குறைய 20 ஏக்கர். ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்லாவும் ரோகுவுமாக 40,000 குஞ்சுகளை விட்டார்கள். தை மாதத்தில் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காக நான்கு மிதிபடகுகளை இறக்கினார்கள். அடுத்து ஒரு மோட்டார் படகும், கரையைச் சுற்றி நடைபாதையும், வண்ண விளக்கோடு நீரூற்றும் அமைக்கும் யோசனை இருக்கிறது. இந்தச் சித்திரையில் ஓர் இரவு இடியோடு கோடை மழை பெய்தது. விடிந்து பார்த்தால் பெரிய மீன்கள் நூற்றுக்கணக்கில் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. படகு கலக்கியதால்தான் செத்தன என்று ஒரு சாராரும், யாரோ மருந்து ஊற்றிவிட்டார்கள் என்று இன்னொரு சாராரும் சொல்ல, ஊரே இரண்டுபட்டு நிற்கிறது. படகை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கேள்வியில் படகு முன்னால் நிற்கிறது. அதன் பின்னால், மனிதர் மகிழ்வதற்கும் மீன் வாழ்வதற்கும் ஒரே குளம் போதுமா என்ற பெரிய கேள்வி இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பவானிசாகர், ஆழியாறு மீன்பண்ணைகளிலும் பிறகு கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டக் குளங்களிலுமாக 30 ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டு மீன்வளத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். உங்கள் குளத்தை நான் நேரில் பார்த்ததில்லை. அன்று விடியலில் நீர் மாதிரியையோ மீன் மாதிரியையோ எவரும் எடுத்து வைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே எது உறுதி, எது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், எதை இனிமேல் எவராலும் தீர்மானிக்க முடியாது என்பதைப் பிரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

உறுதியான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மீன் சுவாசிப்பது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை. அது நீரில் மிகக் கொஞ்சமே கரையும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள குளத்து நீரில், காற்றோடு சமநிலையில் இருக்கும்போது, ஒரு லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான் நிற்கும். நீர் குளிர்ந்திருந்தால், 20 டிகிரியில், அது 9 மில்லிகிராம் வரை போகும். அதாவது சித்திரை வெயிலில் நீர் சூடேறச் சூடேற ஆக்சிஜன் குறைகிறது, அதே சூட்டில் மீனின் உடல் இயக்கம் கூடி அதற்கு அதிக ஆக்சிஜன் தேவைப்படுகிறது. வரவு சுருங்கும் வேளையில் செலவு பெருகுகிறது. கெண்டை வகை மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. 3-க்குக் கீழே இறங்கினால் இரை எடுப்பதை நிறுத்தும். 1-ஐ ஒட்டி வந்து சில மணி நேரம் அப்படியே நின்றால் கட்லாவும் ரோகுவும் சாகத் தொடங்கும்.

இந்த அளவு நாள் முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. குளத்து நீரைப் பச்சையாக்கும் நுண்பாசி பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியிடுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் 12, 14 என்றுகூடக் காட்டும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி, மீனைப் போலவே, ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் பக்கம் சேர்ந்துவிடுகிறது. அடிச்சேற்றில் மட்கும் இலைதழையும் எச்சமும் இரவு பகல் பாராமல் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் குளத்தின் மிக ஆபத்தான நேரம் விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம். மாலையில் குளத்தைப் பார்த்துவிட்டு மீன் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. தண்ணீர் எவ்வளவு பச்சையாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பகலில் உச்சமும் விடியலில் பள்ளமும் ஆழமாகும். முழங்கை வரை கையை நேராக நீருக்குள் இறக்கிப் பாருங்கள்: முழங்கையை நீர் தொடும்போதும் உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பச்சை அளவாக இருக்கிறது; மணிக்கட்டு முங்கியதுமே உள்ளங்கை மறைந்துவிட்டால் மீன் குறைவாக இருந்தாலும் அந்தக் குளம் நெருக்கடியில் இருக்கிறது.

இனிக் கோடை மழைக்கு வருகிறேன். காற்றில்லாத சித்திரை நாட்களில் மேல்நீர் சூடாகி இலேசாகிவிடும். அடிநீர் குளிர்ந்து கனமாக அடியிலேயே தங்கிவிடும். இரண்டும் கலப்பதில்லை. எட்டு, பத்து அடி ஆழமுள்ள குளத்திலும் இந்தப் பிரிவு ஏற்படும். அடியில் உள்ள நீருக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. நாள் போகப் போக அங்கே ஆக்சிஜன் அற்று, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் அமோனியாவும் சேர்கின்றன. அப்போது ஒரு மாலை வானம் கருத்து, பெருங்காற்றோடு குளிர்ந்த மழை பெய்தால் மேல்நீர் சட்டென்று குளிர்ந்து கீழே இறங்கும், அடிநீர் மேலே வரும், குளம் முழுவதும் ஒரே கலவையாகிவிடும். ஏற்கெனவே குறைவாக இருந்த ஆக்சிஜனை மேலே வந்த சேற்றுநீர் ஒரே இரவில் குடித்துத் தீர்த்துவிடும். மேகமூட்டத்தில் பகலில் பாசி வேலை செய்திருக்காது என்பதால் சேமிப்பும் குறைவாகவே இருந்திருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்தது முன்னால், புரிந்துகொண்டது பின்னால். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, நொய்யல் வாய்க்கால் பாயும் ஒரு குளத்தில் மீன் செத்துக் கிடக்கிறது என்று விடியலில் ஆள் வந்து அழைத்தார்கள். கரையில் கூட்டம், பக்கத்துத் தோட்டக்காரர் பூச்சிமருந்து ஊற்றிவிட்டார் என்று அவரைச் சூழ்ந்து நின்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அறிக்கையில் அப்படியே எழுதவும் இருந்தேன். குளத்துக் காவலுக்கு இருந்த பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப்போய், மதகுக் கல்லில் ஒட்டியிருந்த நத்தையைக் காட்டினார். அது கொம்பை நீட்டி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. வாய்க்கால் நீர் சலசலவென்று விழும் இடத்தில் விரல் நீளத்துச் சிலேபி மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாயை மேலே வைத்து நின்றன. "தண்ணி பொரண்டு போச்சுங்க, மருந்து கிருந்து ஒண்ணுமில்லீங்க. மருந்தா இருந்தா இந்த நத்தை இருக்குமுங்களா?" என்றார். அளவுமானியை இறக்கினேன், மேல்நீரிலேயே 0.8. அடியில் பூஜ்யம். அன்று அந்தத் தோட்டக்காரர் மீது நான் பழி எழுதியிருந்தால் அவர் அந்த ஊரில் தலைநிமிர்ந்து வாழ்ந்திருக்க முடியாது. அன்றிலிருந்து, செத்த மீனைப் பார்ப்பதற்கு முன் உயிரோடு இருப்பது எது என்று பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

அந்த அளவுகோலை உங்கள் குளத்துக்கு வைத்துப் பார்க்கிறேன். இரண்டு மூன்று கிலோ கட்லாக்கள் முதலில் செத்தன, சிறு மீன்கள் பெரும்பாலும் தப்பின, விரால் ஒன்றுகூட மிதக்கவில்லை, செத்த மீன்களின் வாய் பிளந்தும் செவுள் விரிந்தும் இருந்தன, எல்லாம் விடியலில் நடந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையில் பெரிய மீன்தான் முதலில் சாகும். விராலும் கெளுத்தியில் சில வகைகளும் மேலே வந்து காற்றை நேராக விழுங்கி வாழக்கூடியவை, ஆகவே அவை தப்பிக்கும். நஞ்சாக இருந்தால் சின்ன மீன் முதலில் மடியும், அல்லது சிறிது பெரிது என்று பாராமல் எல்லாம் மடியும். தவளைக்குஞ்சும் நீர்ப்பூச்சியும் சேர்ந்து செத்திருக்கும். மீன் சாகுமுன் தறிகெட்டுச் சுழன்று ஓடும். நேரமும் விடியலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் தந்த அடையாளங்கள் எல்லாம் முதல் காரணத்தையே காட்டுகின்றன. இதைப் பெரும்பாலும் சரியான முடிவு என்று சொல்வேன். முழு உறுதி என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் முதல் மழையில் வயல்களிலிருந்து அடித்து வந்த நீரில் பூச்சிமருந்து கலந்திருக்கவும் கூடும்; குறிப்பாகப் பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனுக்குக் கொடிய நஞ்சு. ஏற்கெனவே மூச்சுத் திணறிய மீனுக்கு அது இரண்டாவது அடியாக விழுந்ததா என்பதை இன்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. அடுத்த முறை, சாகும் தறுவாயில் உள்ள இரண்டு மீனைப் பனிக்கட்டியில் வைத்து, கண்ணாடிப் புட்டியில் நீரையும் எடுத்து, சில மணி நேரத்துக்குள் ஆய்வுக்குச் சேர்த்துவிடுங்கள். ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதை அதுவரை தள்ளிவையுங்கள் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மிதிபடகைப் பொறுத்தவரை தயங்காமல் சொல்லலாம்: நான்கு மிதிபடகுகள் 20 ஏக்கர் குளத்து மீனைக் கொல்லவில்லை. அவை மேல்நீரை ஓரடி அளவுக்கு அலைக்கின்றன, அவ்வளவுதான். மோட்டார் படகு வேறு வகை. ஆறேழு அடிக்குக் குறைவான ஆழத்தில் அதன் சுழலி அடிச்சேற்றைக் கிளப்பிவிடும். சேற்றில் அடங்கிக் கிடக்கும் பாஸ்பரஸ் மேலே வந்து மறுபடி பாசியை வளர்க்கும். நீர் கலங்கி வெளிச்சம் உள்ளே போகாது. பழைய இரண்டு வீச்சு எஞ்சின்களில் ஊற்றும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமல் நீரிலேயே கலந்துவிடுவதும் அறியப்பட்ட செய்தி. வேகமாகப் போகும் படகின் அலை மண்கரையை அரிக்கும். உங்கள் குளம் கோடையில் பாதியாகச் சுருங்கக்கூடியது. அதில் மோட்டார் படகு வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. மீட்புப் பணிக்கு ஒன்று கட்டாயம் தேவையென்றால் மின்கலத்தில் ஓடுவதை வைத்துக்கொண்டு, ஆழமான நடுப்பகுதியில் மட்டும் மெதுவாக ஓட்டுங்கள்.

படகைவிடப் படகுக்காக வரும் கூட்டம் விட்டுச் செல்வதைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். பிள்ளைகள் மீனுக்கு என்று பொரியும் ரொட்டியும் போடுவதைப் பார்க்க அழகாக இருக்கும். கைப்பிடிப் பொரியில் தவறொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பொட்டலம் பொட்டலமாக விற்கத் தொடங்கினால் அது குளத்துக்கு உரம் போடுவதற்குச் சமம். கரையோரத் தின்பண்டக் கடைகளின் கழுவுநீர், கழிவறையின் கசிவு, துணி துவைக்கும் சோப்பு எல்லாம் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன: பச்சை கூடுகிறது, விடியலின் பள்ளம் ஆழமாகிறது. ஆகாயத்தாமரை தலைகாட்டினால் அந்த வாரமே கையால் பிடுங்கிக் கரையேற்றுங்கள். இரண்டு வாரத்தில் இருமடங்காகக்கூடிய செடி அது. விநாயகர் சதுர்த்திச் சிலைகளைக் கரைக்க இந்தக் குளத்தைக் கேட்டு வருவார்கள். களிமண் சிலையானாலும் கரையில் தனித் தொட்டி கட்டி அதில் கரைக்கச் சொல்லுங்கள். சாயம் பூசிய பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சிலை குளத்துக்குள் இறங்கவே கூடாது.

நடைபாதை யோசனையில்தான் நீங்கள் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. கரையைச் சுற்றிச் சரிவாகக் கல் பதித்து, ஓரத்துச் சம்பையையும் கோரையையும் வழித்தெடுத்துவிட்டால் பார்ப்பதற்குத் துப்புரவாக இருக்கும். மீன் குஞ்சு பொரிக்கும் இடம் போய்விடும். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, வெயில் சாய்ந்து விழும்போது, கரையோரத்து முழங்கால் ஆழ நீரை உற்றுப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியிலும் கருத்த ஆண் சிலேபி ஒன்று காவல் நிற்கும். அடுத்த ஆண் எல்லை தாண்டினால் துடுப்பை விரித்துப் பாய்ந்து விரட்டும். பெண் வந்து முட்டையிட்டு, அதை வாயில் எடுத்துக்கொண்டு போய்ப் பொரிக்கும். இன்னும் சற்றுத் தள்ளிக் கோரைக்கு நடுவில், செம்பொடி தூவியதுபோல ஒரு திட்டு நீரின் மேல் நகர்ந்துகொண்டிருக்கும். அது விரால் பார்ப்பு. ஆயிரக்கணக்கான சிவந்த குஞ்சுகள் ஒரே பந்தாக மேலே வந்து மூச்செடுத்து இறங்கும், கீழே தாயும் தகப்பனும் காத்து நிற்கும். அந்தத் திட்டின் மேல் ஒரு மிதிபடகு ஏறிப் போனால் குஞ்சுகள் சிதறும், மற்ற மீன்கள் பொறுக்கித் தின்றுவிடும். ஆகவே படகுத்துறை இருக்கும் பக்கத்தை மனிதருக்கு என்று கொடுத்துவிட்டு, தண்ணீர் வந்து விழும் பக்கத்திலும் கோரை மண்டிய மூலையிலுமாகக் கரையில் பாதியையாவது கல்லோ விளக்கோ இல்லாமல் விட்டுவிடுங்கள். அந்தப் பாதிக் கரையிலிருந்து 20 மீட்டர் தள்ளி மிதவைக் கயிறு கட்டி அதற்கு உள்ளே படகு வரக்கூடாது என்று வைத்தால் போதும். ஊரில் யாரும் எதையும் இழக்கப் போவதில்லை.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய குளத்து நீரில் இனம்பெருக்குவதில்லை. வெள்ளம் புரளும் ஆற்றில்தான் அவை முட்டையிடும். 1957-ல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் ஏற்றி அவற்றைப் பண்ணையிலேயே முட்டையிடச் செய்த பிறகுதான் இந்தியா முழுவதும் குளங்களுக்குக் குஞ்சு கிடைத்தது. அந்த ஜூலை 10-ஆம் நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆகவே இவ்வகை மீன்கள் ஆண்டுதோறும் நாம் விட்டால்தான் உண்டு. எத்தனை விடுகிறோம் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. இங்கேதான் உங்கள் ஊர் தவறியிருக்கிறது என்று நினைக்கிறேன். 20 ஏக்கர் என்பது 8 ஹெக்டேர். தீவனம் போடாத, காற்றூட்டி இல்லாத ஊர்க்குளத்துக்கு ஹெக்டேருக்கு 2,000 விரலிகளுக்கு (விரல் நீளக் குஞ்சுகளுக்கு) மேல் நான் பரிந்துரைப்பதில்லை; உங்கள் குளத்துக்கு அது 16,000. நீங்கள் விட்டது 40,000. முதலாண்டில் குஞ்சு சிறிது, நீர் நிறைவு, ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டாம் சித்திரையில் மீன் கிலோக் கணக்கில் வளர்ந்திருக்க, நீர் பாதியாக இறங்கியிருக்க, ஆக்சிஜன் கடன் கழுத்தை நெரிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. மாசி, பங்குனியிலேயே வலைபோட்டுப் பெரிய மீனைக் குறைத்திருந்தால் இந்த இழப்பில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது.

பொழுதுபோக்குக்காக வேறு மீன்களை விடலாமா என்று இடையில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே தடை இருக்கிறது. குளத்தில் மற்றதைத் தின்று தீர்க்கும். வண்ணமீன் கடைகளில் டேங்க் கிளீனர் என்று விற்கும் மீனைத் தொட்டியில் வைத்திருந்து, பெரிதானதும் இரக்கப்பட்டுக் குளத்தில் கொண்டுவந்து விடுகிறார்கள். அது மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும் மீன். நம்முடைய குளங்களின் கரை எல்லாம் மண்கரை. சிலேபியும் வெளியிலிருந்து 1952-ல் இந்தியாவுக்கு வந்ததுதான், இன்று அதை ஒழிக்க முடியாது, தூண்டில்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

தூண்டிலைப் பற்றி எனக்கு நல்லெண்ணமே உண்டு. மண்புழுவும் மைதா உருண்டையும் வைத்துக்கொண்டு தக்கையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு பையன், அந்தக் குளத்தில் என்ன நடக்கிறது என்பதை ஊரில் யாரையும்விட முன்னால் அறிந்துகொள்கிறான். ஆளுக்கு ஒரு தூண்டில், நாளுக்கு இத்தனை மீன் என்று வரம்பு வைத்து, சிறு கட்டணம் வாங்கி விடலாம். குளத்தின் மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, யாருக்காவது இருந்தால் அவர் இசைவோடுதான் செய்ய வேண்டும். குஞ்சு காக்கும் விராலை மட்டும் தூண்டிலில் இழுக்கக் கூடாது. அதைப் பிடித்தால் அந்தச் சிவந்த திட்டு முழுவதும் அன்று மாலைக்குள் அழிந்துவிடும். திரும்ப விடும் மீனைக் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். காய்ந்த கை அதன் மேல்வழுவழுப்பை உரித்துவிட்டால் பிறகு பூஞ்சை பிடித்துச் சாகும். அறுந்த நைலான் நரம்பைக் கரையில் போட்டுவிட்டுப் போவதுதான் நான் கண்ட பெரிய கொடுமை. நீர்க்காகத்தின் காலிலும் ஆமையின் கழுத்திலும் அது இறுகியிருப்பதை என் கையால் அறுத்து எடுத்திருக்கிறேன். நரம்பு போட ஒரு மூடிய பெட்டியைக் கரையில் நட்டுவையுங்கள். கிணறு வெட்டும் தோட்டாவைப் போட்டு மீன் பிடிப்பதும், மருந்து கலந்து பிடிப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். அதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

நீர்க்காகம் மீனைத் தின்றுவிடுகிறது, வெடி போட்டு விரட்டலாமா என்றும் சிலர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது தின்பது பெரும்பாலும் கையளவு மீன். நெருக்கமாக இருக்கும் சிலேபியை அது குறைப்பது குளத்துக்கு நன்மை. உங்களுக்குப் பக்கத்திலேயே, திருப்பூரில் சுமார் 125 ஹெக்டேர் நஞ்சராயன் குளம் 2024-லும், ஈரோட்டில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-லும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. பறவைகளைப் பார்க்கவே அங்கே மக்கள் போகிறார்கள். ஐப்பசி முதல் மாசி வரை வலசைப் பறவைகள் தங்கும் மூலைக்குப் படகு போகாமல் இருந்தால் உங்கள் குளத்துக்கும் அந்த வருகை கிடைக்கும்.

நீச்சலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குளம் வறண்டிருந்த ஆண்டுகளில் வண்டல் அள்ளியிருப்பார்கள். அள்ளிய இடம் சீராக இருக்காது. முழங்கால் நீரில் நடந்துகொண்டிருக்கும் பிள்ளை அடுத்த அடியில் பத்தடிக் குழிக்குள் போய்விடும். நம் பக்கத்துக் குளங்களில் நேரும் சாவுகளில் இப்படி நேர்ந்தவற்றை நான் அறிவேன். குழிகளை மூடச் சொல்லவில்லை, கோடையில் மீனுக்கு அவைதான் புகலிடம். நீர் இறங்கும்போது அவற்றின் இடத்தைக் குறித்துக் கம்பம் நட்டு, குளிக்கும் துறையைச் சமதளமான இடத்தில் மட்டும் வையுங்கள். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை கட்டாயம்.

நீரூற்று அமைப்பதானால் அதை மீனுக்கும் பயன்படும்படி அமைக்கலாம். எங்கும் அதை மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை வேடிக்கைக்காக ஓட்டுகிறார்கள். குளத்துக்குத் தேவைப்படுவது இரவு இரண்டிலிருந்து விடியும் வரை. ஒரு நேரமானியைப் பொருத்தி, விளக்கை அணைத்துவிட்டு, நீரை மட்டும் அந்நேரத்தில் தெளிக்கச் செய்யுங்கள். அதன் உறிஞ்சுகுழாய் அடிச்சேற்றைத் தொடாமல் மேல்நீரிலிருந்து மூன்றடிக்குள் இருக்கட்டும். 20 ஏக்கரையும் ஒரு நீரூற்று காப்பாற்றிவிடாது. அதைச் சுற்றி அரை ஏக்கர் நல்ல நீர் இருந்தால் மீன் தானாக அங்கே வந்து ஒதுங்கும், அதுவே விடியும் வரை தாக்குப்பிடிக்கப் போதும். நீரூற்று வரும் வரை, தோட்டத்து டீசல் மோட்டார் ஒன்றில் குளத்து நீரையே இறைத்து உயரத்திலிருந்து குளத்திலேயே கொட்டவிட்டாலும் அதே பலன். மீன் வாயை மேலே வைத்துத் திணறும்போது சுண்ணாம்பு கொட்டச் சொல்வார்கள். பச்சைத் தண்ணீரில் செய்யாதீர்கள். நீரின் அமில–கார அளவு (pH) 7 ஆக இருக்கையில் அதிலுள்ள அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. 30 டிகிரி வெப்பத்தில் அது 9 ஆனால் நூற்றில் 40 பங்குக்கு மேல் நஞ்சாகிவிடும். சுண்ணாம்பு அந்தத் திசையில்தான் தள்ளும். செத்த மீனை அன்றே அகற்றிக் குழிதோண்டிப் புதையுங்கள். விற்கவோ சமைக்கவோ வேண்டாம், காரணம் உறுதியாகத் தெரியாத சாவு அது.

ஆகவே மிதிபடகை நிறுத்த வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் ஓட்டாதீர்கள். மேகம் மூடிய நாட்களில், மீன் மேலே வந்து நிற்பதைக் கண்டால், அன்று முழுதும் ஓய்வு கொடுங்கள். படகுக் கட்டணத்தில் முதல் செலவாக ஓர் ஆக்சிஜன் அளவுமானி வாங்குங்கள். விலை அதிகம் என்றால் பள்ளி ஆசிரியர் ஒருவரின் உதவியோடு சொட்டு எண்ணிப் பார்க்கும் சோதனைப் பெட்டி போதும். இன்றிலிருந்து பத்து நாள், விடியல் ஐந்தரை மணிக்கு, மதகடியில் மேல்நீரிலும் ஆறடி ஆழத்திலும் அளந்து, அன்றைய வானிலையையும் முழங்கைச் சோதனையையும் சேர்த்து ஒரு நோட்டில் குறித்து இங்கே எழுதுங்கள். மேலும் கீழும் உள்ள அளவுகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு என்று தெரிந்தால், அடுத்த மழைக்கு முன் எத்தனை கிலோ மீனைக் கரையேற்ற வேண்டும் என்பதை ஓரளவு கணக்கிட்டுச் சொல்கிறேன்.